போகிக்கு இன்னும் ஏழு வாரம்

வாசகர் கேள்வி: மன்னார்குடியில் என் மாமனார் கட்டிய ஓட்டு வீட்டில் இருக்கிறோம். அவர் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. மாமியாருக்கு 71 வயது. நானும் ஆசிரியைதான். மகள் பிளஸ் டூ, மகன் ஏழாம் வகுப்பு. பரண் முழுக்க, பின்கட்டு அறை முழுக்கச் சாமான். எதைத் தொட்டாலும் அத்தை "இருக்கட்டும்" என்கிறார். போன போகியன்று விடியற்காலையில் ஒரு பழைய நோட்டுக் கட்டை நெருப்பில் போட்டுவிட்டேன். அவை மாமாவின் கணக்கு நோட்டுகள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாம்பல் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இந்தப் பொங்கலுக்காவது வீட்டைச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க ஆசை. மகளுக்கு உட்கார்ந்து படிக்க ஓர் இடம்கூட இல்லை, கட்டிலில்தான் படிக்கிறாள். எங்கிருந்து ஆரம்பிப்பது? சாமான் பட்டியல் ஒன்றும் இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைவிட உங்கள் பட்டியலைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 27 சாமான் எழுதியிருக்கிறீர்கள். வீடுகளை ஒழுங்கு செய்து கொடுப்பதே என் வேலை என்பதால், ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யார் வழியாக அந்த வீட்டுக்கு வந்திருக்கும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். பிரிக்காத சுவர்க்கடிகாரம் மூன்று, டின்னர் செட், பிள்ளைகளின் நடைவண்டி, ஓடாத மிக்ஸி இரண்டு, பழைய பெட்டி டிவி, அட்டைப்பெட்டியோடு ஒரு ஸ்டெபிலைசர், உங்கள் பி.எட். நோட்டுகள்... இப்படி எண்ணிப் பார்த்தால் பதினொன்று உங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் வந்தவை. பத்து வருடத்துக்கும் மேலாகப் பின்கட்டு அறையை அடைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு இவைதான். அத்தையின் "இருக்கட்டும்" இவற்றில் எதற்கும் தடை இல்லை. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே வெளியே எடுத்துவிடலாம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. போன போகியன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். போய்க் கேளுங்கள். பொங்கல் வேலை, பரண், சுத்தம் எதையும் அந்தப் பேச்சோடு சேர்க்க வேண்டாம். "அத்தை, மாமாவோட நோட்டைப் பிரிச்சுக்கூடப் பார்க்காம நெருப்புல போட்டது என் தப்பு" என்று அதை மட்டும் சொல்லுங்கள். "தெரியாமல்" என்கிற சொல் வாய்வரைக்கும் வரும். அதை விட்டுவிடுங்கள். பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

ஒரு தலைமை ஆசிரியர் வருடக்கணக்கில் எழுதிய கணக்கு நோட்டில் அரிசி விலையும் பால் கணக்கும் மட்டுமா இருந்திருக்கும்? பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போன வாடகை வண்டிக்கு எவ்வளவு, அந்த வருடத் தீபாவளிக்கு வீட்டம்மாவுக்கு என்ன விலையில் புடவை, எந்த மாதம் யாரிடம் கைமாற்று வாங்கினோம் என்று ஒரு குடும்பம் நடந்து வந்த தடம் முழுக்க அதில் இருந்திருக்கும். இழந்ததைத் திருப்பித் தர உங்களால் முடியாது. இனி இழக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். அதனால் முதல் ஏற்பாடாக இதைச் செய்யுங்கள். பட்டியலில் இருக்கும் டிரங்குப் பெட்டிகளில் ஒன்றைக் காலி செய்து, துடைத்து, அத்தையின் கட்டில் பக்கத்தில் வையுங்கள். மாமாவின் கையெழுத்து இருக்கும் எந்தத் தாளானாலும் சரி, பஞ்சாங்கத்தின் ஓரமோ, காலண்டர் தாளோ, மருந்துச் சீட்டின் பின்பக்கமோ, அது கேள்வி இல்லாமல் அந்தப் பெட்டிக்குள் போகட்டும். அதற்கு ஒரு பூட்டு வாங்கி, இரண்டு சாவியையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். ஒன்றைக்கூட நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

போகி வந்தால் எல்லோரும் "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்று சொல்கிறோம். நன்னூலில் பவணந்தி முனிவர் அதைச் சொன்னது வீட்டுச் சாமானைப் பற்றி அல்ல, சொற்களைப் பற்றி. பழைய சொற்கள் வழக்கிலிருந்து மறைவதும் புதியவை வந்து சேர்வதும் குற்றம் ஆகாது, "வழுவல கால வகையினானே" என்று முடிகிறது சூத்திரம். கழிதல் தன்வினை, கழித்தல் பிறவினை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலம் ஆனதும் தானே கழிவதைத்தான் அந்த வரி பேசுகிறது. யாரோ ஒருவர் விடியற்காலையில் எழுந்து கழிப்பதைப் பேசவில்லை. இந்த வேலையில் எனக்கு ஏதாவது தெரியும் என்றால், அது இந்த ஒரு வித்தியாசம்தான். ஒரு சாமான் கழியும் நிலைக்கு வந்துவிட்டதா என்பது அதை வைத்திருக்கிறவருக்குத்தான் தெரியும். அது எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று ஒருவரைப் பொறுமையாகச் சொல்ல விட்டால், சொல்லி முடித்ததும் "சரி, இதைக் கொடுத்துடலாம்" என்று அவரே எடுத்துக் கொடுப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். சொல்ல விடாமல் கையிலிருந்து வாங்கினால் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கூட "இருக்கட்டும்" ஆகிவிடும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அன்றைக்கு நோக்கம் ஒன்றே ஒன்று. மகளுக்கு இடம். மூன்றடி நீளம் இரண்டடி அகலத்தில் ஒரு மேசை, நாற்காலியைப் பின்னால் இழுத்து எழுந்திருக்க மூன்றடி. ஆக மூன்றடிக்கு ஐந்தடி இருந்தால் அந்தப் பெண்ணுக்குப் போதும். பின்கட்டு அறை ஜன்னல் பக்கம் டிவி, மிக்ஸி, நடைவண்டி எல்லாம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை எடுத்தாலே அந்த இடம் வந்துவிடும். அவள் வலது கையால் எழுதுகிறவள் என்றால் ஜன்னல் இடது பக்கம் இருக்கும்படி மேசையைப் போடுங்கள், கை நிழல் நோட்டில் விழாது. டிசம்பரில் அவளுக்கு அரையாண்டுத் தேர்வு. இதைப் பொங்கல் வரை தள்ளிப்போடக் கூடாது. இன்னொரு பயனும் உண்டு. மருமகள் முதலில் தன் சாமானைத்தான் எடுத்து வெளியே வைக்கிறாள், அதுவும் பேத்திக்காக வைக்கிறாள் என்பதை அத்தை தன் கண்ணால் பார்ப்பார். நீங்கள் ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி டிவியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் கண்ணாடிக் குழாயில் காரீயம் இருக்கிறது, அது நஞ்சு. செம்புக் கம்பிக்காக உடைத்து எடுப்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். மின்னணுக் கழிவை எங்கே வாங்குகிறார்கள் என்று நகராட்சியில் கேட்டு அங்கே கொடுங்கள். பிரிக்காத கடிகாரங்களையும் டின்னர் செட்டையும் எந்தப் பள்ளியிலும் ஆதரவற்றோர் இல்லத்திலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

பரணை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரைக்கும் ஓயாது. இந்த ஈரக்காற்றில் துணி மூட்டையைப் பிரித்துப் போட்டால் பூஞ்சணம்தான் பிடிக்கும். அதோடு, தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையின் தலைக்கு மேல் அண்டா உருள வேண்டாம். கிறிஸ்துமஸை ஒட்டி வருகிற அரையாண்டு விடுமுறை மகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் விடுமுறை. பரண் வேலை அப்போதுதான். அதுவரை சனி, ஞாயிறுகளில் காகிதத்தைப் பார்க்கலாம்.

காகிதத்தில் நான் மிகவும் கண்டிப்பானவள். ஒருமுறை ஒரு வீட்டில் பழைய பஞ்சாங்கங்களை எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்தார்கள். கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக உதறினேன். வங்கியில் போட்ட வைப்புத்தொகைக்கான ரசீது ஒன்று கீழே விழுந்தது. அந்த வீட்டில் உயிரோடு இருந்த யாருக்கும் அது தெரியாது. அன்றிலிருந்து உதறிப் பார்க்காத ஒரு புத்தகத்தையும் நான் வெளியே விடுவதில்லை.

உங்கள் வீட்டில் மூலப் பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, உயில் எழுதியிருந்தால் அது, மாமாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அவருடைய ஓய்வூதியக் கொடுப்பாணை தனியாக ஓர் உறையில் இருக்கட்டும். அத்தையின் குடும்ப ஓய்வூதியம் அதைத் தொட்டுத்தான் வருகிறது, எப்போது வேண்டுமானாலும் அந்த எண்ணைக் கேட்பார்கள். பட்டாவும் மின் இணைப்பும் இன்னும் மாமா பெயரில்தான் இருக்கிறதா என்றும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள்.

பழைய பாஸ்புக் எதுவும் கிடைத்தால், "கணக்கே செத்துப்போயிருக்கும்" என்று போட்டுவிடாதீர்கள். பத்து வருடம் யாரும் தொடாத வங்கிக் கணக்கின் பணம் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஒரு நிதிக்குப் போகிறது. போனாலும் வாரிசுகள் பின்னால் கேட்டு வாங்கலாம். அப்படிக் கிடக்கும் பணத்தைப் பெயரைக் கொண்டு தேடுவதற்கு ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் "உத்கம்" என்று ஓர் இணையதளம் திறந்தது. உங்கள் மகளே பார்த்துச் சொல்லிவிடுவாள். காகித வடிவில் பங்குச் சான்றிதழ் கிடைத்தாலும் இதே கதைதான். ஏழு வருடம் யாரும் வாங்காத ஈவுத்தொகையும், அதோடு சேர்ந்து பங்குகளும் மத்திய அரசின் ஒரு நிதிக்கு மாறிவிடும், ஆனால் உரிமை போய்விடாது. டிரங்குப் பெட்டியின் அடித்தாளுக்குக் கீழே பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் கிடைப்பதும் உண்டு. அவை செல்லாது. நினைவுக்காகப் பத்து நோட்டு வரை வைத்திருப்பதில் சட்டப்படி தவறு இல்லை, அத்தையின் பெட்டியிலேயே இருக்கட்டும்.

கிழிந்த பத்திரத்தை லேமினேட் செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூலத்தை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். செய்தால் பிரிக்க முடியாது, உள்ளே இருக்கிற ஈரம் தாளைத் தின்றுவிடும். செல்லோடேப்பும் வேண்டாம். குண்டூசியையும் ரப்பர் பேண்டையும் கழற்றிவிட்டு, ஜெராக்ஸ் இரண்டு எடுத்துக்கொண்டு, மூலத்தைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஒரு துண்டு வசம்பும் கூட வைத்து, சுவரை ஒட்டாமல் நிற்கிற பீரோவில் வையுங்கள். ஓட்டு வீட்டில் கரையானும் ராமபாணப் பூச்சியும் சுவர் வழியாகத்தான் வரும். மின் கட்டண ரசீது, போன் பில், வீட்டில் இப்போது இல்லாத சாமான்களின் வாரண்டி அட்டை இதெல்லாம் தாராளமாகப் போகட்டும். கணக்கு எண் இருந்தால் மட்டும் கிழித்துப் போடுங்கள்.

மாமாவின் புத்தகங்களை எடைக்குப் போட எண்ணம் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்தவற்றைக் கொண்டு 1994-இல் உருவானது. அழைப்பிதழ், நோட்டீஸ் என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையும் அவர் சேர்த்து வைத்திருந்தார். பழைய அச்சுப் புத்தகம் இருந்தால் ஒரு பட்டியல் எழுதி அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓலைச்சுவடி எதுவும் பரணில் இருந்தால் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் உங்களுக்குப் பக்கம்தான்.

விடுமுறை வந்ததும் பரண். அத்தையை ஏணிப் பக்கமே விடாதீர்கள். முற்றத்தில் வெயில் படுகிற இடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். வீட்டுக்காரர் மேலே ஏறி ஒரு நாளைக்கு ஒரு பெட்டியோ ஒரு மூட்டையோ மட்டும் இறக்கிக் கொடுக்கட்டும். அவர் இந்த விஷயத்தில் தலையிடுவதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பேச வேண்டாம், ஏறி இறக்கினால் போதும். இறங்கியது முடிவாகாமல் அடுத்தது இறங்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகவும் வேண்டாம். பழைய சாமானைப் பார்ப்பது உடம்பைவிட மனதுக்கு அசதி.

பாத்திரங்கள் இறங்கும்போது மகளைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றின் கழுத்தையும் விளிம்பையும் புளி போட்டுத் துலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்துப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பார்கள், சிலவற்றில் தேதியும் இருக்கும். அத்தையின் அம்மா பெயர் இருந்தால் அது சீராக வந்தது. உங்கள் நாத்தனார் பெயர் இருந்தால் அது அவருக்கென்று வாங்கி வைத்தது, எடுத்துப் போகாமல் விட்டது. அப்படிப்பட்டதைப் போட்டோ எடுத்து நாத்தனாருக்கு அனுப்பி, வேண்டுமா என்று கேட்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். மரத் தொட்டிலுக்கும் இது பொருந்தும். வீட்டில் எத்தனையோ சண்டைகள் விற்றுவிட்ட ஒரு அண்டாவில் ஆரம்பித்ததை நான் பார்த்திருக்கிறேன். பெயர் இல்லாதவற்றை, அத்தை சரி என்றால், விற்கலாம். பித்தளையும் வெண்கலமும் ஒரே விலை அல்ல. பித்தளை செம்பும் துத்தநாகமும், வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். வெண்கலத்தைத் தட்டினால் மணி மாதிரி நின்று ஒலிக்கும். வீட்டிலேயே நிறுத்துப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பட்டுப்புடவைகளை நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி மடித்து, பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். வீடு தேடி வந்து பழைய பட்டு வாங்குகிறவர்கள் ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காக வாங்குகிறார்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கொலு பொம்மைகளைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். அவை அப்படியே மேலே போகட்டும். வருடத்துக்கு ஒரு தடவை இறங்குவதற்கென்றே இருப்பவை அவை. எல்லாமே கண்முன்னால் இல்லாமல் போக வேண்டும் என்பது சுத்தம் ஆகாது.

போகியன்று என்ன எரிப்பது? கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், பிய்ந்த முறம் இவ்வளவு போதும். போகி நெருப்பு பழகிய காலத்தில் வீட்டில் இருந்ததே மண்ணிலும் மரத்திலும் விளைந்தவைதான். இப்போது நாம் போடும் பழைய துணியில் பாதி பாலியஸ்டர், அது எரிவதில்லை, உருகிப் புகைகிறது. தை பிறக்கும் முன் விடியற்காலையில் காற்றே இருக்காது, குளிரில் புகை மேலே எழும்பாமல் தெருவிலேயே நிற்கும். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. உங்கள் தெருவிலும் ஆஸ்துமாக்காரர்கள் இருப்பார்கள். பிளாஸ்டிக், டயர், மெத்தை எதையும் அதில் போடாதீர்கள். எரிக்கப்போவது எது என்று முதல் நாள் சாயங்காலமே அத்தையிடம் காட்டிவிடுங்கள். காலையில் நெருப்பை அவர் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம், இந்த வருடம் நெருப்பே மூட்டாமல் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பட்டியலில் 19-ஆவதாக "வெண்கலப் பானை, பெரியது, அடி கறுத்தது, உபயோகமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பொங்கல் இப்போது எதில் வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அந்தப் பானையை மட்டும் விடுமுறை வரைக்கும் காத்திருக்காமல் இப்போதே இறக்குங்கள். விரிசல் இருக்கிறதா என்று தட்டிக் கேளுங்கள், உள்ளே ஈயம் (வெள்ளீயம்தான்) பூச வேண்டுமா என்று அத்தையையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பொங்கல் நெருங்கினால் ஈயம் பூசுகிறவர்களிடம் கூட்டம் சேர்ந்துவிடும், பூச வேண்டும் என்றால் டிசம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். எவ்வளவு அரிசி பிடிக்கும், எத்தனை படி பால் ஊற்ற வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரிந்திருக்கும். அதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.